வீட்டுக் கராஜில் கார் லிஃப்ட்: முதலில் தரை, பிறகு கூரை, கடைசியில்தான் கடை

வாசகர் கேள்வி பதில்

வீட்டில் லிஃப்ட் பொருத்துவது பற்றி வரும் கடிதங்களில் முக்கால்வாசி “எந்தக் கம்பனி லிஃப்ட் நல்லது?” என்றே தொடங்குகின்றன. அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: தரை எவ்வளவு தடிப்பு, கூரை எவ்வளவு உயரம். இந்த இரண்டும் தெரிந்தால் வாங்கக்கூடிய லிஃப்ட் எது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஐயா, ஆறு பேர்ச் காணியில் மாடி வீடு. முன்னால் உள்ள போர்ட்டிகோவைத்தான் கராஜாகப் பாவிக்கிறோம். மேலே ஸ்லாப், உயரம் 10 அடி. அக்வா ஒன்றும் அக்ஸியோ ஒன்றும் இருக்கின்றன. ஒயில் மாற்றுவது, பிரேக், சஸ்பென்ஷன் வேலை எல்லாம் நானே செய்கிறேன். இரண்டு தூண் லிஃப்ட் போடலாமா?
— வெள்ளவத்தை வாசகர்

உயரத்தை முதலில் கணக்குப் பார்ப்போம். 10 அடி என்பது 3.05 மீட்டர். அக்வா, அக்ஸியோ இரண்டும் சுமார் 1.45 மீட்டர் உயரம். லிஃப்டின் கைகள் வண்டியைப் பிடிப்பது கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில். அது தரையிலிருந்து ஏறக்குறைய 20 சென்ரிமீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே கை பிடிக்கும் இடத்துக்கு மேலே நிற்கும் வண்டி 1.25 மீட்டர். ஸ்லாப்புக்கும் வண்டியின் கூரைக்கும் நடுவில் 10 சென்ரிமீட்டர் விட்டால், கைகள் 1.70 மீட்டர் வரை ஏறலாம். அடியில் நின்று வேலை செய்ய அது போதும். ஒன்று மட்டும் கவனம்: வண்டி மேலே இருக்கும்போது பின் கதவையோ பொனட்டையோ திறந்தால் ஸ்லாப்பில் இடிக்கும்.

கணக்கு இடிப்பது வேறு இடத்தில். நீங்கள் 10 அடி என்று அளந்தது ஸ்லாப்பின் அடிவரைதானே? போர்ட்டிகோவின் குறுக்கே பீம் ஓடினால் அது 9 முதல் 12 அங்குலம் வரை கீழே இறங்கியிருக்கும். மேலே குறுக்குச் சட்டம் இல்லாமல் தரைத் தகட்டு வழியாகக் கேபிள் ஓடும் குட்டையான இரண்டு தூண் லிஃப்டே சுமார் 2.8 மீட்டர் உயரம். பீமுக்கு அடியில் தூண் வருகிறது என்றால் அது நிற்காது. மேலே குறுக்குச் சட்டம் உள்ள வகைக்கு 3.6 மீட்டருக்கு மேல் வேண்டும், அதை மறந்துவிடலாம்.

அடுத்தது அகலம். இரண்டு தூணையும் சேர்த்து வெளிப்பக்கம் 3.3 முதல் 3.5 மீட்டர் வரை வரும். அதற்கு வெளியே சுவருக்கும் தூணுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டாகவாவது போக வேண்டும். உங்கள் போர்ட்டிகோ ஒரு வண்டி அகலம்தான் என்றால் 3 மீட்டரைத் தாண்டியிருக்காது.

எங்கள் முடிவு: உங்களுக்குச் சரியானது அரை உயரக் கத்தரி லிஃப்ட். வண்டிக்கு அடியில் கிடந்து கத்தரிபோல் விரிந்து ஒரு மீட்டர் அளவுக்குத் தூக்கும், 2.7 முதல் 3 தொன் வரை தாங்கும். இறக்கிவைத்தால் தரையிலிருந்து 10 சென்ரிமீட்டர் சொச்சம்தான் நிற்கும். அக்வாவின் தரை இடைவெளி சுமார் 14 சென்ரிமீட்டர் என்பதால் மேலாக ஓடிப் போகலாம். பம்பருக்கு அடியில் தாழ்ந்து நிற்கும் ஏரோ கிட் பூட்டிய வண்டி என்றால் வாங்குமுன் அளந்து பாருங்கள். டயர், பிரேக், ஷொக் அப்சோர்பர், ஒயில் எல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி செய்யலாம். குறை என்னவென்றால் வண்டியின் நடு வயிற்றை லிஃப்டே மறைத்துக்கொள்ளும். கியர்பொக்ஸ் இறக்குவதற்கும் சைலன்சர் குழாயின் நடுப்பகுதியை மாற்றுவதற்கும் இது உதவாது. அந்த இரண்டு வேலைக்காக மட்டும் வீட்டில் இரண்டு தூண் லிஃப்ட் தேவையில்லை. அவற்றை வெளிக் கராஜில் செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வீடு கொலன்னாவைப் பக்கம், நிரப்பிய காணி. கராஜ் தகரக் கூரை, உயரமும் அகலமும் தாராளம். தரையில் பாதி சீமெந்து, பாதி இன்டர்லொக் கல். இரண்டு தூண் லிஃப்ட் விற்பவர் “ஆங்கர் போல்ட் அடித்தால் போதும்” என்கிறார். நம்பலாமா?
— கொலன்னாவ வாசகர்

நம்ப வேண்டாம். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு தூண் லிஃப்டில் வண்டியை நிமிர்த்தி நிறுத்துவது கொங்கிரீட்தான்.

1,200 கிலோ வண்டியில் ஒவ்வொரு தூணுக்கும் 600 கிலோ. அந்தப் பாரம் தூணின் மேல் நேராக இறங்குவதில்லை. கைகளின் நுனியில், தூணிலிருந்து கிட்டத்தட்ட 90 சென்ரிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. தூண் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். அதன் அடித்தகட்டின் உள்விளிம்பு தரையை அழுத்தும். வெளிப்பக்க போல்டுகளைத் தரையிலிருந்து பிடுங்கும் இழுவை ஏறக்குறைய ஒரு தொன் வரும். பிராடோ ஏற்றினால் இது இரண்டு மடங்குக்குக் கிட்டப் போகும். இன்டர்லொக் கல் மணலின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது; அதில் போல்டுக்குப் பிடிமானமே கிடையாது. டைல்ஸ், தார் இரண்டும் அப்படித்தான்.

சீமெந்துப் பாதியைச் சோதிக்க, 10 மில்லிமீட்டர் பிட்டால் நாலைந்து இடத்தில் மண் தட்டுப்படும்வரை துளை போடுங்கள். நுனி வளைத்த கம்பியை விட்டு அடிவிளிம்பில் மாட்டி அளந்தால் தடிப்பு தெரியும். துளையிடும்போது தூள் வெள்ளையாக, ஒரே சீராக வந்து பிட் மெதுவாக இறங்கினால் நல்ல கொங்கிரீட். சட்டென்று இறங்கி மணல் கொட்டினால் அது வெறும் பூச்சு. பழைய வீடுகளில் பல இடங்களில் 3 அங்குலக் கொங்கிரீட்டின் மேல் ஓர் அங்குலப் பூச்சு போட்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் 4 அங்குலம் போலத் தெரியும். கையேடுகள் சொல்லும் மிகக் குறைந்த அளவு 100 மில்லிமீட்டர். பல தயாரிப்பாளர்கள் 150 முதல் 200 வரை கேட்கிறார்கள். கொங்கிரீட்டின் வலிமை குறைந்தபட்சம் கிரேட் 20, முடிந்தால் கிரேட் 25.

இன்னொன்று: போர்ட்டிகோ, கராஜ் தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டியோ மலசலகூடக் குழியோ இருக்கும் வீடுகள் கொழும்பில் நிறைய. துளை போடுமுன் வீட்டு வரைபடத்தைப் பாருங்கள். வரைபடம் இல்லையென்றால் மூடிகள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள்.

நிரப்பிய காணியில் எங்கள் பரிந்துரை, இரண்டு தூணுக்கும் தனித்தனிக் குழி வெட்டாமல் இரண்டையும் இணைக்கும் ஒரே கொங்கிரீட் பட்டி. தனித்தனி என்றால் ஒன்று இறங்கி மற்றது நிற்கும், தூண்கள் கோணிவிடும். ஒரே பட்டி என்றால் இறங்கினாலும் சேர்ந்தே இறங்கும். நீளம் 4 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், தடிப்பு 25 சென்ரிமீட்டர். மொத்தம் 1.5 கன மீட்டர். அடியில் 15 சென்ரிமீட்டர் ஏபிசி (வீதிக்குப் போடும் கருங்கல் கலவை) போட்டு இயந்திரத்தால் இடித்து இறுக்கி, மேலே தடித்த பொலித்தீன் விரியுங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி, 15 சென்ரிமீட்டர் இடைவெளியில் இரண்டு திசையிலும். அடியில் ஒரு வலை, மேலே ஒரு வலை. அடி வலைக்குக் கீழே 5 சென்ரிமீட்டர் கொங்கிரீட் இருக்கும்படி கவர் கட்டை வையுங்கள். தூண் வரும் இடத்தில் ஆங்கர் துளைகளைத் தவிர்த்துக் கம்பியை நகர்த்திக் கட்ட வேண்டும். லிஃப்டின் அடித்தகட்டு வரைபடத்தை முன்கூட்டியே விற்பவரிடம் வாங்கி மேசனிடம் கொடுத்தால்தான் இது நடக்கும். கம்பி கட்டிக் கொங்கிரீட்டும் போட்ட பிறகு துளை கம்பியில் முட்டுவது நாங்கள் அடிக்கடி காணும் தவறு.

கையால் கலப்பதென்றால் சீமெந்து, மணல், கல் 1:1:2. இந்த அளவுக்கு 50 கிலோ சீமெந்து 16, 17 மூடை வேண்டும். ஒரு மூடைக்குத் தண்ணீர் 25 லீற்றருக்கு மேல் வேண்டாம்; மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறையுங்கள். இலகுவாகப் பரவட்டும் என்று வேலையாட்கள் தண்ணீர் ஊற்றத்தான் பார்ப்பார்கள். கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் போட்டு, வைப்ரேட்டர் விட்டு, ஏழு நாள் சாக்கு விரித்து ஈரமாக வையுங்கள். 28 நாள் ஆகாமல் போல்டை முறுக்க வேண்டாம்.

அடியில் சதுப்பு மண் என்று தெரிந்தால், துளையில் கறுப்பாக, நாற்றத்தோடு சேறு வந்தால், இந்த அளவுகளும் போதாது. கட்டடப் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

பொருத்தும் நாளில்: நடுக்கோடு போட்டுத் தூண்களின் இடத்தைக் குறித்ததும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து சமமா என்று பாருங்கள். துளை கொங்கிரீட்டின் எந்த விளிம்புக்கும், இணைப்புக்கும், வெடிப்புக்கும் 15 சென்ரிமீட்டருக்குள் வரக்கூடாது. பிட்டின் விட்டமும் ஆங்கரின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். துளையிட்டதும் ஊதி, பிரஷ் விட்டுத் துடைத்து, மறுபடியும் ஊதுங்கள். தூள் உள்ளே கிடந்தால் ஆங்கரின் நுனியில் விரியும் ஆப்பு கொங்கிரீட்டைப் பிடிக்காமல் தூளைத்தான் பிடிக்கும். தூணை ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் நேராக்கி, இடைவெளிக்கு ஷிம் தகடு செருகுங்கள். ஷிம் 12 மில்லிமீட்டரைத் தாண்டுமென்றால் தரையைச் சரிசெய்வதே வழி; மழைநீர் ஓடச் சரிவு கொடுத்த தரையில் இது அடிக்கடி வரும். பிறகு முறுக்கும் விசையை அளக்கும் டோர்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். முக்கால் அங்குல ஆங்கருக்கு அது 115 முதல் 200 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். ஒரு போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே வந்தால் துளை பெரிது அல்லது கொங்கிரீட் பலவீனம். அதே துளையில் பெரிய போல்ட் அடித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சில வாரம் பாவித்த பின் எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி டோர்க் வைத்துப் பாருங்கள்.

வேகன் ஆர் ஒன்று, பிரீமியோ ஒன்று. நிறுத்த ஒரு வண்டி இடம்தான் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்த நான்கு தூண் லிஃப்ட் வாங்க எண்ணம். எவ்வளவு உயரம் வேண்டும்? கரண்ட் போனால் என்ன செய்வது?
— கொட்டாஞ்சேனை வாசகி

வேகன் ஆர் 1.65 மீட்டர், பிரீமியோ 1.475. இரண்டும் சேர்ந்து 3.13. மேடையின் தடிப்புக்கு 15 சென்ரிமீட்டர், மேலும் கீழுமாக இடைவெளிக்கு 20 சென்ரிமீட்டர். ஆக 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி. சாதாரண 10 அடி ஸ்லாப்பின் கீழ் முடியாது. தகரக் கூரை என்றால் நடு உச்சி அல்ல, சாய்வு தாழும் பக்கத்தில் எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். மேல் வண்டியின் மூக்கு அங்கேதான் போகும். கூரையைத் தூக்கிக் கட்டுவதென்றால் அது கட்டட வேலை, மாநகர சபை அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு தூண் லிஃப்டில் பாரம் நேராகக் கீழே இறங்குவதால் தரைக்கு அவ்வளவு சோதனை இல்லை. லிஃப்டும் வண்டியும் சேர்ந்து இரண்டு தொன் என்றால் ஒரு தூணுக்கு 500 கிலோதான். நல்ல 4 அங்குலக் கொங்கிரீட் தாங்கும். நீளத்தை மறக்காதீர்கள்: ஏறும் சரிவுத் தகட்டையும் சேர்த்தால் 5 மீட்டரைத் தாண்டும், கேட் மூடுமா என்று பாருங்கள். இரண்டு ஓடுதளத்துக்கும் நடுவில் தட்டுகள் வைக்காவிட்டால் மேல் வண்டியின் ஒயிலும் மழைநீரும் கீழ் வண்டியின் பெயின்டில் சொட்டும்.

கரண்ட் விஷயம் பலரும் யோசிக்காதது. வண்டியை மேலே நிறுத்தும்போது அது பாதுகாப்புப் பூட்டில் உட்கார்ந்திருக்கும், உட்கார்ந்திருக்கவும் வேண்டும். ஹைட்ரோலிக் அழுத்தத்தை நம்பி ஒரு இரவுகூட விடக்கூடாது. ஆனால் பூட்டிலிருந்து விடுவிக்க முதலில் சில சென்ரிமீட்டர் மேலே தூக்க வேண்டும், அதற்கு மோட்டார் ஓட வேண்டும். இறங்குவது மட்டும்தான் கரண்ட் இல்லாமல் நடக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். கைப்பம்ப் பூட்டக்கூடிய பவர் யூனிட்டா (மோட்டாரும் பம்பும் சேர்ந்த பகுதி) என்று கேட்டு வாங்குங்கள். ஜெனரேட்டரை நம்புவதென்றால் 2.2 கிலோவாட் மோட்டாரைத் தொடக்கிவிட 6 கேவிஏ ஆவது வேண்டும். தினமும் வெளியே எடுக்கும் வண்டியைக் கீழே வையுங்கள்.

லிஃப்டை சாதாரண பிளக் பேஸில் கொழுவலாமா? அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் 220 வோல்ட் லிஃப்ட் ஒன்றை அனுப்பிவைக்கத் தயார். இங்கே ஓடுமா?
— நுகேகொடை வாசகர்

13 அம்பியர் பிளக்கில் வேண்டாம். 2.2 கிலோவாட் ஒற்றைக் கட்ட மோட்டார் முழுப் பாரத்தில் 14 முதல் 16 அம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப்போல் நாலைந்து மடங்கு. மெயின் பலகையிலிருந்து லிஃப்டுக்கென்றே தனி வயர், 4 சதுர மில்லிமீட்டர், சி வகை 20 அல்லது 25 அம்பியர் பிரேக்கர், லிஃப்டுக்குப் பக்கத்தில் பூட்டுப் போடக்கூடிய ஐசொலேட்டர் (கரண்டை முழுக்கத் துண்டிக்கும் சுவிட்ச்), எர்த் கட்டாயம். வீட்டு ட்ரிப் சுவிட்சுக்கு ஊடாகத்தான் வர வேண்டும். பி வகை பிரேக்கர் போட்டால் மோட்டார் தொடங்கும்போதெல்லாம் விழும். விழுகிறதே என்று பெரியதாக மாற்றி மாற்றிக் கடைசியில் வயர் சூடாகும்வரை போய்விடுவார்கள். உங்கள் வீட்டுக்கு 15 அம்பியர் இணைப்பு என்றால் முதலில் அதை 30 ஆக்க விண்ணப்பியுங்கள். 30 அம்பியர் இருந்தாலும் குளியலறை ஹீட்டரும் ஏசியும் ஓடும்போது லிஃப்டைத் தொட வேண்டாம். மாலையில் வோல்ட்டேஜ் இறங்கும் இடங்களில் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். உடனே விரலை எடுங்கள், இல்லாவிட்டால் கெப்பாசிட்டர் போய்விடும்.

அமெரிக்க மோட்டார் 60 ஹேர்ட்ஸுக்கானது, நம்முடையது 50. தகட்டில் “50/60” என்று இருந்தால் பயமில்லை. 60 மட்டும் என்றால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடாகும். அனுப்புமுன் மோட்டார் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லிஃப்ட் நல்லதாக இருந்து மோட்டார் மட்டும் பொருந்தாவிட்டால் பவர் யூனிட் இல்லாமல் அனுப்பச் சொல்லி, 50 ஹேர்ட்ஸ் யூனிட்டை இங்கே வாங்கிப் பூட்டலாம். ஆனால் சிலிண்டருக்கு வேண்டிய அழுத்தத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

லிஃப்டுக்குப் பதில் கராஜ் தரையில் குழி வெட்டினால் செலவு குறையாதா?
— வத்தளை வாசகர்

குறையும், ஆனால் உங்கள் பகுதியில் வெட்ட வேண்டாம். தாழ்ந்த நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். ஒரு மழைக்குக் குழி கிணறாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து பெற்றோல் ஆவி. அது காற்றைவிடப் பாரம், குழிக்குள் இறங்கித் தேங்கும், வெளியேற வழியில்லை. ஒரு மின்விளக்கின் பொறி போதும். புகைக் குழாயிலிருந்து வரும் வாயுவும் அங்கே சேரும். காற்று இழுக்கும் விசிறி, பொறி பறக்காத விளக்கு, நீர் கசியாத சுவர் எல்லாம் வைத்துக் கட்டினால் மிச்சம் பிடித்த காசும் போய்விடும்.

பம்பலப்பிட்டியில் தொடர்மாடி. அடித்தளத்துக்கு மேல் மாடியில் எனக்கென்று ஒரு பார்க்கிங் இடம். சிறிய லிஃப்ட் வைக்கலாமா?
— பம்பலப்பிட்டி வாசகர்

ஆங்கர் அடிக்கும் எதையும் வைக்கக்கூடாது. அந்தத் தரை தொங்கும் ஸ்லாப். உள்ளே இழுத்து இறுக்கிய கம்பிவடங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றைத் துளைத்துவிட்டால் ஸ்லாப்பின் வலிமையே போய்விடும், துளைப்பவரின் உயிருக்கும் ஆபத்து. இரண்டு சட்டமாகப் பிரித்து எடுத்து வைக்கும் தாழ்ந்த லிஃப்ட் ஒன்று போதும். அரை மீட்டருக்குச் சற்று மேல் தூக்கும், வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்துவிடலாம். அதற்கும் முகாமைக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

வீட்டில் வெசல் ஹைப்ரிட், மகனிடம் லீஃப், தம்பியிடம் ஹைலக்ஸ் டபள் கெப். மூன்றுக்கும் பொதுவாக ஒரு இரண்டு தூண் லிஃப்ட் எத்தனை தொன்னில் எடுப்பது? கைகளை எங்கே வைப்பது?
— இரத்மலானை வாசகர்

4 தொன் எடுங்கள். ஹைலக்ஸ் 2 தொன் சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் 4 தொன் என்பது நான்கு கைக்கும் சேர்த்து. ஒரு கைக்கு ஒரு தொன்தான். டீசல் எஞ்சின் முன்னால் இருப்பதால் முன் கைகளுக்குத்தான் அதிகப் பாரம், பின்னால் சாமான் இருந்தால் கணக்கு மறுபடி மாறும். ஐரோப்பிய இஎன் 1493 லிஃப்ட் பாதுகாப்புத் தரத்துக்கோ அமெரிக்க லிஃப்ட் தயாரிப்பாளர் சங்கமான ஏஎல்ஐயின் சான்றுக்கோ உட்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். சான்றிதழில் உள்ள மொடல் எண்ணும் லிஃப்டின் தகட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வெசலுக்குக் கதவு விளிம்பின் கீழே தகட்டில் இரண்டு வெட்டுகள் தெரியும். அவற்றின் நடுவில்தான் ரப்பர் பேட் வர வேண்டும். பள்ளம் வெட்டிய ரப்பர் போட்டால் விளிம்பு நசுங்காது. லீஃபின் பேட்டரி இரண்டு அச்சுக்கும் நடுவில் தரை முழுக்கப் பரவியிருக்கிறது. பேட் அதன் உறையைத் தொடவே கூடாது. விளிம்பில் உள்ள ஜெக் இடங்கள் மட்டும்தான். எந்த வண்டியானாலும் செம்மஞ்சள் நிற வயர் உயர் மின்னழுத்தம், கையும் பேட்டும் அதன் பக்கம் போகக்கூடாது. ஹைலக்ஸ் சட்டத்தின் மேல் கட்டிய வண்டி. சேசிஸிலேயே பிடிக்க வேண்டும், அதற்கு உயர நீட்டிகள் தேவை. லிஃப்டோடு வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். மரக்கட்டையை இடையில் வைப்பது நடக்கிறது. அது பிளந்தால் வண்டி கீழேதான்.

தூக்கும் முறை எப்போதும் ஒன்றே. டயர் தரையை விட்டுச் சில சென்ரிமீட்டர் எழும்பியதும் நிறுத்துங்கள். வண்டியைப் பம்பரில் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். நான்கு பேடையும் குனிந்து பாருங்கள். கைகளின் பூட்டுப் பற்கள் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகுதான் மேலே. வேலை செய்யும் உயரம் வந்ததும் பூட்டில் இறக்கி உட்கார வையுங்கள். எஞ்சினையோ பின் அச்சையோ கழற்றும்போது பாரத்தின் நடு நகரும். கழற்றுமுன் மறுமுனைக்கு உயரமான தாங்கி கொடுக்க வேண்டும்.

மூடிய சேர்விஸ் ஸ்டேஷன் ஒன்றில் பழைய லிஃப்ட் மலிவாகக் கிடைக்கிறது. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வாங்கலாமா?
— கல்கிசை வாசகர்

கழற்றுமுன் ஓட்டிப் பார்க்க விட்டால் மட்டும். பாரத்தோடு ஏற்றி ஒவ்வொரு பூட்டிலும் இறக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் “டக்” என்று விழ வேண்டும். சிலிண்டர் தண்டில் துருப்புள்ளி இருந்தால் சீல் மாற்றினாலும் மறுபடி கிழியும். கையைப் பூட்டும் இரும்புப் பின்னும் அதன் துளையும் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தால் இரும்பே வெடித்திருக்கலாம். புதிதாகப் பெயின்ட் அடித்த லிஃப்டில் இது தெரியாது, அதனால் பெயின்ட் அடிக்காததையே பாருங்கள். நைலான் சறுக்குக் கட்டை, ஹோஸ், கேபிள் மூன்றும் மாற்றக்கூடியவை, செலவில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஹோஸ் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அளவு கொடுத்து அடிக்கலாம், அழுத்த அளவைச் சொல்லி. ஆங்கர் போல்டைப் பழையதில் ஒருபோதும் எடுக்க வேண்டாம். கையேடும் இலக்கத் தகடும் இல்லாத லிஃப்டுக்கு டோர்க் அளவும் தெரியாது, உதிரியும் தேட முடியாது.

உப்புக் காற்று முதலில் கடிப்பது கேபிளை. மாதம் ஒருமுறை துணியால் கிரீஸைத் துடைத்து, உருளை ஏறும் இடத்தில் கேபிளை உற்றுப் பாருங்கள். உடைந்த இழை, செந்நிறத் தூள், அல்லது விட்டம் பத்தில் ஒன்று குறைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். இழையைக் கையால் தடவாதீர்கள், குத்தும்.

லிஃப்ட் ஒரு பக்கம் முந்தி ஏறுகிறது. நிறுத்தி வைத்தால் மெதுவாக இறங்கவும் செய்கிறது. ஒயில் எது போடுவது?
— கிருலப்பனை வாசகர்

ஒரு பக்கம் முந்துவது பெரும்பாலும் சமன் செய்யும் கேபிளின் தளர்வு. புதுக் கேபிள் ஆரம்ப வாரங்களில் இழுபடும். வண்டியில்லாமல் பூட்டில் உட்கார வைத்து, கேபிள் நுனியின் நட்டை இரு பக்கமும் ஒரே இறுக்கம் வரும்வரை முறுக்கி, மேல் நட்டால் பூட்டுங்கள். விட்டு விட்டுக் குலுங்கி ஏறினால் குழாயில் காற்று. வெறுமையாக ஐந்தாறு முறை முழுக்க ஏற்றி இறக்கினால் போய்விடும்.

தானாக இறங்குவதற்கு முதல் காரணம் இறக்கும் வால்வில் அழுக்கு. மோட்டாரை ஓடவிட்டபடி இறக்கும் கைப்பிடியை ஒரு கணம் அழுத்தி விட்டால் பல நேரம் அழுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். இதை வண்டி இல்லாமல் செய்யுங்கள். போகாவிட்டால் வால்வைக் கழற்றித் துடைக்க வேண்டும். சிலிண்டரின் காற்றுக் குழாய் வழியாக ஒயில் வந்தால் சீல் தேய்ந்துவிட்டது.

ஒயில், கையேடு வேறு சொல்லாவிட்டால், நம் வெக்கைக்கு ஐஎஸ்ஓ 46 ஹைட்ரோலிக் ஒயில். தொட்டிக்கு 8 முதல் 12 லீற்றர் பிடிக்கும். லிஃப்ட் கீழே இருக்கும்போது மட்டும் அளவைப் பாருங்கள். மேலே இருக்கும்போது நிரப்பினால் இறக்கும்போது வழியும். பிரேக் ஒயில் ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

வெறுமையாக ஏறுகிறது, வண்டியோடு ஏறவில்லை என்றால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வை இறுக்கச் சிலர் சொல்வார்கள். அதைத் தொடாதீர்கள், அளவுக்கு மீறிய பாரத்தைத் தூக்கவிடாமல் தடுப்பது அந்த வால்வுதான். முதலில் மோட்டார் ஓடும்போது வோல்ட்டேஜை அளந்து பாருங்கள், பிறகு ஒயில் அளவு, பிறகு உறிஞ்சும் குழாயின் வடிகட்டி. மூன்றும் சரியென்றால் பம்பைக் கழற்றிப் பரிசோதிக்கக் கொடுங்கள்.